பூன், பூன, பூனே: க்ளுஜ் நகரத்துப் பழைய புத்தகக் கடையில் இருபது அட்டைகள்

முதல் அட்டையில் இப்படி எழுதியிருந்தது: “ஓ கார்த்தே பூன், வெக்கி ஷி க்ரோஸ்.” நல்ல, பழைய, தடிமனான ஒரு புத்தகம் என்று சொல்ல நினைத்திருக்கிறார். பெயரடைகள் மூன்று. மூன்றின் கீழும் பென்சில் கோடு.

எழுதியவர் ருமேனியாவின் க்ளுஜ் நகரத்துக்குப் படிக்க வந்த ஒரு தமிழ் இளைஞர். அயல்நாட்டு மாணவர்கள் பட்டப்படிப்புக்கு முன்னால் ஓராண்டு ருமேனிய மொழி படிக்கும் ஆயத்த வகுப்பில் எட்டு மாதம் முடித்திருந்தார். மாலையில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு உதவிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த மாதிரிக் கடையை அங்கே ‘அந்திகரியாத்’ என்பார்கள். கடைக்காரம்மா பள்ளியில் ருமேனிய மொழி கற்பித்து ஓய்வு பெற்றவர். நம் பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவது போல அவரை எல்லோரும் ‘துவாம்னா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவர் இருபது புத்தகங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஃபீஷ’, அதாவது விவர அட்டை எழுதச் சொன்னார். புத்தகத்தின் மேலட்டை எப்படி, முதுகுப் பகுதி எப்படி, தாள் எப்படி, பதிப்பு எது என்று நான்கைந்து வரி. மறுநாள் அட்டைகள் பென்சில் கோடுகளோடு திரும்பி வந்தன.

அவற்றை எடுத்துக்கொண்டு அந்த இளைஞர் என்னிடம் வந்தார். நான் அந்த ஊரில் பல ஆண்டுகளாக இருப்பதால், புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழியில் கைகொடுப்பது வழக்கம். “அக்கா, அட்டவணை முழுக்க மனப்பாடம். கேளுங்க, சொல்றேன். ஆனா எழுதும்போது கை வேற எழுதுது” என்றார். கேட்டேன். ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னார். அவருக்கு விதி தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்த விதி எழுதும் நேரத்தில் ஏன் வரவில்லை என்பதைத்தான் அந்த இருபது அட்டைகளிலும் தேடினோம். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்கு ஒலி பற்றி ஒரு சொல். ருமேனிய எழுத்தில் ஆகார எழுத்தின் மேல் சிறு கிண்ணம் போல ஒரு குறி வருவதுண்டு. அந்தக் குறி இருந்தால் வாய் பாதி திறந்த மங்கலான ஒலி. சொல்லின் கடைசியில் அதற்குக் குறில் அகரத்தைப் போடுகிறேன். குறி இல்லாத எழுத்துக்கு நெடில் ஆகாரம். ஆக, ‘பூன’ வேறு, ‘பூனா’ வேறு. பகரத்தை ‘பஸ்’ என்பதில் வருவது போல அதிரவிட்டுப் படியுங்கள். சொல்லின் கடைசியில் வரும் இகரம் பெரும்பாலும் முணுமுணுப்புதான்.

நல்ல என்பது ஒரு சொல் அல்ல

தம்பியின் சொல்லேட்டைப் புரட்டினேன். ‘நல்ல’ என்பதற்கு எதிரே ‘பூன்’ என்று இருந்தது. ‘தடித்த’ என்பதற்கு எதிரே ‘க்ரோஸ்’, ‘அழகான’ என்பதற்கு எதிரே ‘ஃப்ருமோஸ்’. தமிழில் ஒன்று, ருமேனிய மொழியில் ஒன்று. கோளாறு இங்கேயே தொடங்கிவிட்டது.

தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல புத்தகம், நல்ல புத்தகங்கள். எதன் முன்னால் நின்றாலும் ‘நல்ல’ அசையாது. ருமேனிய மொழியில் ஆண்பால் ஒருமைக்கு பூன், பெண்பால் ஒருமைக்கு பூன, ஆண்பால் பன்மைக்கு பூனி, பெண்பால் பன்மைக்கு பூனே. புத்தகம் என்னும் ‘கார்த்தே’ பெண்பால். எனவே ‘ஓ கார்த்தே பூன’. பன்மையில் ‘கர்ட்ஸி பூனே’. ஏட்டில் இருக்கும் ‘பூன்’ இந்த நான்கில் ஒன்று, அவ்வளவுதான். அவர் மனதில் அது ‘நல்ல’ என்பதன் முழு மொழிபெயர்ப்பாக உட்கார்ந்துவிட்டது. மற்ற மூன்றும் தேர்வுக்குப் படித்த அட்டவணையாகத் தனியே கிடந்தன.

இதைவிட முக்கியமான இன்னொன்று வரிசை. தமிழில் பெயரடை முன்னால் வருகிறது. ‘நல்ல’ என்று சொல்லும்போது அடுத்து வரப்போவது நூலா, புத்தகமா, அகராதியா என்று நாம் முடிவு செய்திருக்கவே வேண்டியதில்லை. ருமேனிய மொழியில் பெயர் முடிவாகாமல் பெயரடையின் கடைசி எழுத்தை எழுத முடியாது. தம்பி தமிழில் நினைத்து, பெயரடையை முதலில் எடுத்து, அதன் ஏட்டு வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைத் தேடியிருக்கிறார். பெயர் கிடைத்த பிறகு பெயரடையைத் திரும்பப் பார்க்கவில்லை. அட்டவணை தெரிந்தும் பயன்படாமல் போனது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அட்டைகளை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ‘கார்த்தியா யெஸ்தே பூன’, அதாவது ‘அந்தப் புத்தகம் நல்லது’ என்ற மாதிரி வாக்கியமாக எழுதிய இடங்களில் பென்சில் கோடு மிகக் குறைவு. பெயரோடு ஒட்டி எழுதிய இடங்களில்தான் கோடுகள் குவிந்திருந்தன. வகுப்பில் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பழக்கியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றிய காரணம் வேறு. நாமும் அந்த இடத்தில் பால் பார்க்கிறோமே! பையன் நல்லவன், பெண் நல்லவள், புத்தகம் நல்லது, புத்தகங்கள் நல்லவை. வாக்கியத்தின் கடைசிக்கு வந்தால் ‘நல்ல’ சும்மா நிற்பதில்லை, விகுதி கேட்கிறது. “தம்பி, ருமேனிய மொழியில் பெயரடை எங்க நின்னாலும் அது நம்ம நல்லவன், நல்லவள் மாதிரிதான். ‘நல்ல’ன்னு ஒரு சொல்லே அங்க கிடையாது” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொல்லேட்டில் ‘பூன்’ என்பதை அடித்துவிட்டு நான்கு வடிவங்களையும் எழுதினார்.

இதைத் துவாம்னாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. க்ளுஜ் இருக்கும் திரான்சில்வேனியாவில் ஹங்கேரிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏராளம். ஹங்கேரிய மொழியில் பால் பாகுபாடே இல்லை. நல்ல புத்தகம் ‘யோ கென்வ்’, நல்ல புத்தகங்கள் ‘யோ கென்வெக்’. முன்னால் நிற்கும் ‘யோ’ மாறாது. ‘புத்தகங்கள் நல்லவை’ என்று கடைசிக்குப் போனால் மட்டும் ‘யோக்’ என்று பன்மை ஏற்கும். நம் ஏற்பாடும் கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ருமேனிய மொழி சொல்லிக் கொடுத்தவர் என்பதால், தம்பியின் அட்டைகளில் இருந்தவை அவருக்குப் பழகிய பிழைகள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மொழியின் அமைப்பால் வரும் பிழை அது. தம்பியின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒன்றில் ஆண், இரண்டில் பெண்

ஏழாவது அட்டை ஒரு கட்டு நாவல்களுக்கானது. ‘ரொமானே பூனி’ என்று எழுதியிருந்தார். இந்தப் பிழையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இதில் யோசனை இருக்கிறது. ஒரு நாவல் என்பதற்கு ‘ஊன் ரொமான் பூன்’ என்று சரியாக எழுதியிருந்தார். ரொமான் ஆண்பால் போல இருக்கிறது, ஆகவே பன்மையிலும் ஆண்பால் பூனி என்று முடிவு செய்திருக்கிறார். தர்க்கம் சரி. மொழி வேறு வழியில் போகிறது.

ருமேனிய மொழியில் மூன்றாவதாக ஒரு வகைப் பெயர்கள் உண்டு. ஒருமையில் ஆண்பால் பெயரைப் போலவும் பன்மையில் பெண்பால் பெயரைப் போலவும் நடப்பவை. பள்ளி இலக்கணம் இதை ‘நெயுத்ரு’ என்கிறது. தனி வடிவம் எதுவும் இல்லாமல் இரண்டையும் கடன் வாங்கிக்கொள்வதால் இருபாற்பெயர் என்ற பொருளில் ‘அம்பிஜென்’ என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. உயிரற்ற பொருள்களின் பெயர்கள் நிறைய இதில் அடங்கும். புத்தகக் கடையில் இது தவிர்க்க முடியாத வகை: ரொமான் நாவல், வொலூம் தொகுதி, டிக்ட்ஸியொனார் அகராதி, மனுவால் பாடநூல், எக்ஸெம்ப்ளார் படி, கப்பீத்தொல் அத்தியாயம், கொத்தோர் புத்தகத்தின் முதுகு. எல்லாமே இந்த வகை. ஆகவே ‘ஊன் வொலூம் க்ரோஸ்’, ஆனால் ‘தோவ வொலூமே க்ருவாஸே’. அரிய ஒரு படி ‘ஊன் எக்ஸெம்ப்ளார் ரார்’, ஆனால் பன்மையில் ‘எக்ஸெம்ப்ளாரே ராரே’.

நம் இலக்கணத்தில் அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்று ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிப் பெயரே உண்டு. ‘பால்’ என்ற சொல்லுக்குள்ளேயே எண்ணும் அடங்கியிருக்கிறது. அந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால், ஒரு பெயர் ஒருமையில் ஒரு பாலாகவும் பன்மையில் வேறு பாலாகவும் இருப்பது தமிழ் படித்தவருக்கு அவ்வளவு விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் வழியாக வந்து ‘ஆண், பெண், இரண்டும் இல்லாதது’ என்று நினைத்தால்தான் குழப்பம்.

துவாம்னா சொல்லிக்கொடுத்த சோதனை ருமேனியப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்ப்பது. ஒன்று என்பதற்கு ‘ஊன்’ வந்து இரண்டு என்பதற்கு ‘தொய்’ வந்தால் ஆண்பால். ‘ஓ’ வந்து ‘தோவ’ வந்தால் பெண்பால். ‘ஊன்’ வந்து ‘தோவ’ வந்தால் இந்த மூன்றாம் வகை. ஊன் ரொமான், தோவ ரொமானே. இதில் ஓர் அழகான இணையும் உண்டு. பண்டைய ரோமாபுரியைச் சேர்ந்த மனிதரும் ‘ரொமான்’தான். ஆனால் அவர் ஆண்பால்: ஊன் ரொமான், தொய் ரொமானி. தம்பி எழுதிய ‘பூனி’ என்ற பெயரடை இரண்டு நல்ல ரோமானியர்களுக்குச் சரியாகப் பொருந்தியிருக்கும்.

உள்ளே மாறும் உயிரெழுத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ருமோஸ் பெண்பாலில் ஃப்ருமுவாஸ ஆகும், க்ரோஸ் க்ருவாஸ ஆகும், கறுப்பு என்னும் நேக்ரு நியாக்ர ஆகும். காது பழகினால் வந்துவிடும். பெரிய என்னும் ‘மாரே’, மெல்லிய என்னும் ‘சுப்ட்ஸீரே’ போன்றவற்றுக்கு இரண்டே வடிவம்: மாரே, மாரி, சுப்ட்ஸீரே, சுப்ட்ஸீரி. பழுப்பு ‘மரோ’, சாம்பல் ‘க்ரி’, வெளிர்மஞ்சள் ‘பெஜ்’ ஆகிய நிறங்கள் எதற்கும் மாறாதவை. தம்பி மற்றவற்றை மாற்றாமல் விட்டு, மாறக் கூடாத ‘மரோ’வை மட்டும் ‘மரொவ’ என்று மாற்றியிருந்தார். விதியைப் பின்பற்ற எவ்வளவு முயன்றிருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

பழையது எது, மேலட்டையா புத்தகமா

பதினோராவது அட்டையில் ஒரு வரி: “கொப்பேர்த்தா கர்ட்ஸீ வெக்கே.” இதில் துவாம்னா கோடு போடவில்லை, கேள்விக்குறி போட்டிருந்தார். ஏனென்றால் என்ன சொல்ல வந்தார் என்பதே அவருக்குப் புரியவில்லை.

‘கொப்பேர்த்தா’ என்றால் புத்தகத்தின் மேலட்டை, பெண்பால் ஒருமை. ‘கர்ட்ஸீ’ என்றால் புத்தகத்தினுடைய. ருமேனிய மொழியில் நான்காம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் ஒரே வடிவம். பெண்பால் ஒருமைப் பெயர் அந்த வேற்றுமைக்குப் போகும்போது அதன் உருவம் பன்மையைப் போல ஆகிவிடும். ‘ஓ கார்த்தே வெக்கே’ ஒரு பழைய புத்தகம். ‘உனேய் கர்ட்ஸி வெக்கி’ ஒரு பழைய புத்தகத்தினுடைய. ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெயரும் பெயரடையும் பன்மை வேடம் போட்டுக்கொள்கின்றன. ‘பூன’ அங்கே ‘பூனே’ ஆகும். ஆண்பாலிலும் மூன்றாம் வகையிலும் இந்தத் தொல்லை இல்லை. ‘உனூய் ரொமான் வெக்கி’ என்பதில் பெயரடை அப்படியே நிற்கிறது.

ஆகவே புத்தகம்தான் பழையது என்றால் ‘கொப்பேர்த்தா கர்ட்ஸீ வெக்கி’ என்று எழுத வேண்டும். பெயரடை ‘கர்ட்ஸீ’யோடு ஒத்துப்போய் வெக்கி ஆகிறது. மேலட்டைதான் பழையது, உள்ளே புத்தகத்துக்குப் புதுத் தையல் போட்டிருக்கிறார்கள் என்றால் ‘கொப்பேர்த்தா வெக்கே ஆ கர்ட்ஸீ’. இங்கே நடுவில் ஓர் ‘ஆ’ முளைத்திருப்பதைப் பாருங்கள். உடைமையைக் காட்டும் பெயர் தன் தலைவனை ஒட்டி நேராக நின்றால் அந்த ‘ஆ’ வேண்டாம். நடுவில் பெயரடை புகுந்து இருவரையும் பிரித்தால், உறவைச் சொல்ல ‘ஆ’ வந்துதான் ஆக வேண்டும். அந்த ‘ஆ’வும் கொப்பேர்த்தாவின் பாலோடு ஒத்துப்போகும் சொல்தான். கொப்பேர்த்தாவின் இடத்தில் நாவல் நின்றிருந்தால் அது ‘ஆல்’ ஆகியிருக்கும்.

தம்பி எழுதியது இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. வெக்கே என்ற வடிவம் மேலட்டையைக் காட்டுகிறது, அது நிற்கும் இடம் புத்தகத்தைக் காட்டுகிறது. தமிழில் ‘பழைய புத்தகத்தின் அட்டை’, ‘புத்தகத்தின் பழைய அட்டை’ என்று இடத்தை மாற்றியே தெளிவு செய்துவிடுகிறோம், விகுதியைத் தொட வேண்டியதே இல்லை. ருமேனிய மொழியில் இடமும் விகுதியும் சேர்ந்து ஒரே சாட்சி சொல்ல வேண்டும். பழைய புத்தகக் கடையில் இது இலக்கணம் தெரிந்தவர்களுக்கு மட்டுமான நுணுக்கம் இல்லை. அசல் மேலட்டை இருக்கிறதா, மாற்றிக் கட்டியதா என்பதை வைத்துத்தான் விலை.

இதே அட்டையின் அடுத்த வரியையும் சொல்லிவிடுகிறேன். லேசாகத் தேய்ந்த மேலட்டை என்பதற்கு இந்தத் தொழிலில் நிலையான சொற்றொடர் ‘கொப்பேர்த்த உஷோர் உஸாத்த’. ‘உஷோர்’ என்பது இங்கே லேசாக என்னும் வினையடை. அது அசையக் கூடாது; தேய்ந்த என்னும் ‘உஸாத்த’ மட்டும் மேலட்டையின் பாலை ஏற்கும். தம்பி அதற்குள் எச்சரிக்கையாகிவிட்டிருந்தார் போல. இரண்டையும் பெண்பாலாக்கி ‘கொப்பேர்த்த உஷுவார உஸாத்த’ என்று எழுதிவிட்டார். பொருள் ‘கனம் குறைந்த, தேய்ந்த மேலட்டை’ என்று ஆகிவிட்டது. நன்றாக எழுதப்பட்ட புத்தகம் என்பதும் இப்படித்தான்: ‘ஓ கார்த்தே பீனே ஸ்க்ரிஸ’. பீனே என்றும் பீனேதான்.

முன்னால் வைத்தால் என்ன

விகுதிகள் சரியாக இருந்த சில அட்டைகளிலும் துவாம்னா அம்புக்குறி போட்டிருந்தார். ‘ஓ க்ருவாஸ கார்த்தே’, ‘ஓ ரோஷியே கொப்பேர்த்த’. தடித்த ஒரு புத்தகம், சிவப்பான ஒரு மேலட்டை. பெயரடையைத் தமிழ் வழக்கப்படி முன்னால் வைத்திருக்கிறார். ருமேனிய மொழியில் பெயரடையின் இயல்பான இடம் பெயருக்குப் பின்னால். அளவு, நிறம், கட்டு வகை போன்றவற்றை முன்னால் கொண்டுவந்தால் விலைச்சீட்டு செய்யுள் போல ஒலிக்கும். ‘கர்த்தொனாத்த’ என்னும் கெட்டி அட்டை, ‘ரொமனியாஸ்க’ என்னும் ருமேனிய நாட்டு, இப்படி வகை சொல்லும் பெயரடைகள் முன்னால் வரவே வராது.

அதற்காக முன் இடம் மூடப்பட்ட இடம் என்று நினைத்துவிடக் கூடாது. மதிப்பும் உணர்ச்சியும் சொல்லும் பெயரடைகள் அங்கே தாராளமாக வரும். ‘ஓ ஃப்ருமுவாஸ கார்த்தே’ என்றால் சொல்பவர் அந்தப் புத்தகத்தை நேசிக்கிறார் என்று கேட்கிறது. ‘ஓ கார்த்தே ஃப்ருமுவாஸ’ என்றால் அழகான புத்தகம் என்ற செய்தி. விலைச்சீட்டுக்குச் செய்தி போதும். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் முன்னால் வைக்கலாம்.

சில பெயரடைகளில் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். கடைக்கு மிக முக்கியமான இணை ‘நோவ’. ‘ஓ கார்த்தே நோவ’ என்றால் புதிய புத்தகம், யாரும் புரட்டாதது. ‘ஓ நோவ கார்த்தே’ என்றால் மற்றுமொரு புத்தகம், இன்னொன்று வந்திருக்கிறது என்பது பொருள். பழைய புத்தகக் கடைக்குப் புதுவரவு என்று அறிவிக்க இரண்டாவதுதான் பொருந்தும். முதலாவதைப் போட்டால் அது வாங்குபவரிடம் சொல்லும் பொய். ‘ஓ கார்த்தே ஸிம்ப்ள’ எளிமையான புத்தகம். ‘ஓ ஸிம்ப்ள கார்த்தே’ வெறும் புத்தகம், அவ்வளவுதான். ‘ஸிங்குரா கார்த்தே’ இருக்கும் ஒரே புத்தகம். ‘ஓ கார்த்தே ஸிங்குர’ தனியாகக் கிடக்கும் ஒரு புத்தகம். எழுத்தாளருக்கும் இது பொருந்தும். ‘ஊன் மாரே ஸ்க்ரீத்தோர்’ மாபெரும் எழுத்தாளர். ‘மாரே’யைப் பின்னால் தள்ளினால் ஆளின் உருவம்தான் பெரிது என்று படக்கூடும்.

இடம் மாறும்போது இன்னொன்றும் நகர்கிறது. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் ஒட்டு ருமேனிய மொழியில் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். கார்த்தே ஒரு புத்தகம், கார்த்தியா அந்தப் புத்தகம். பெயரடை முன்னால் வந்தால் அந்த ஒட்டு பெயரை விட்டுவிட்டு முதல் சொல்லில் ஏறிக்கொள்ளும். ‘கார்த்தியா ஃப்ருமுவாஸ’ அல்லது ‘ஃப்ருமுவாஸா கார்த்தே’. நான் முதலில் சொன்ன குறில், நெடில் வேறுபாடு இங்கேதான் உயிர் பெறுகிறது. தம்பி ‘ஃப்ருமுவாஸா கார்த்தியா’ என்று இரண்டிலும் ஒட்டியிருந்தார். ஒட்டு ஒன்றுதான், வரிசையில் முதலில் நிற்பவருக்கு. ஆறாம் வேற்றுமையிலும் அப்படித்தான்: ‘கர்ட்ஸீ ஃப்ருமுவாஸே’ அல்லது ‘ஃப்ருமுவாஸெய் கர்ட்ஸி’.

இரண்டு பெயரடைகள் வந்தால் வகை சொல்வது பெயரை ஒட்டி நிற்பதுதான் இயல்பு. இதற்கு நூலகங்களிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. ‘கார்த்தே ரொமனியாஸ்க வெக்கே’ என்பது அங்கே ஒரு கலைச்சொல். 1508ல் துர்கொவிஷ்தே நகரத்தில் மக்காரியே என்னும் துறவி அச்சிட்ட வழிபாட்டு நூலில் தொடங்கி 1830 வரை அச்சானவற்றை அந்தச் சொல் குறிக்கும். பழைய ருமேனிய நூற்பட்டியலின் எல்லையே அதுதான். அந்த முதல் நூலின் மொழி ருமேனியம்கூட இல்லை, ஸ்லாவோனியம். ‘வெக்கே’யை முன்னால் கொண்டுவந்து ‘வெக்கே கார்த்தே’ என்று எழுதினால் அந்தக் கலைச்சொல் கலைந்துவிடும். 1930களின் ஒரு நாவலுக்குத் தம்பி அந்த மூன்று சொற்களையும் எழுதியிருந்தார். விகுதி சரி, வரிசை சரி. ஆனால் துவாம்னா அதை அடித்துவிட்டு ‘ரொமான் வெக்கி’ என்று மட்டும் எழுதினார்.

பெயர் முதலில்

நாங்கள் செய்தது சின்ன மாற்றம்தான். புதிய அட்டைகளில் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டோம். எந்த வரியானாலும் முதலில் பெயரை அந்த ஓரத்தில் எழுத வேண்டும், ‘ஊன் – தோவ’ அல்லது ‘ஓ – தோவ’ என்ற எண்ணிக்கையோடு. மேலட்டை, முதுகு, தாள், படி, பதிப்பு என்று பெயர்கள் மட்டும் மேலிருந்து கீழாக நிற்கும். பெயரடையைப் பற்றி அதுவரை நினைக்கவே கூடாது. எல்லாப் பெயரும் நின்ற பிறகுதான் வலப்பக்கம் கோட்டைத் தாண்டலாம். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தமிழிலிருந்து மொழிபெயர்க்காமல் இருக்கச் சொன்னால் யாராலும் முடியாது. ஆனால் பெயரை முதலில் நிறுத்திவிட்டால் தமிழ் வரிசைக்குத் தாளில் இடம் இருக்காது.

முதல் வாரம் வேகம் பாதியாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். “மெதுவா போகட்டும் தம்பி, புத்தகங்கள் எங்கேயும் ஓடிடாது” என்றேன். இரண்டு வாரம் கழித்து அடுத்த இருபது அட்டைகளைக் கொடுத்தார். ஏட்டு வடிவத்தை அப்படியே எழுதிய பிழை ஒன்றுகூட இல்லை. மூன்றாம் வகைப் பெயர்களில் ஒரே ஒரு தவறு, ‘கொத்தோர்’ பன்மையில். ஆறாம் வேற்றுமைதான் இன்னும் தகராறு செய்தது. அது வேகமாக வராது. பெண்பால் ஒருமை பன்மை வேடம் போடுவதைக் காது நம்புவதற்கு நாளாகும். பெயரடைகள் எல்லாம் பின்னால் போய்விட்டன. முன்னால் வைக்க வேண்டிய ‘ஓ நோவ கார்த்தே’கூடப் பின்னால் போயிருந்தது. அதைத் திருத்தும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. முன்னால் வைக்காதே என்று சொன்னது நான்தான். அளவு கடந்து சொல்லிவிட்டேன்.

கடைசி அட்டை ஒரு ஜோடிக்கானது. ஒரு புத்தகமும் ஓர் அகராதியும் சேர்த்து ஒரே விலை. தம்பி எழுதியிருந்தது: “ஓ கார்த்தே ஷி ஊன் டிக்ட்ஸியொனார் வெக்கி.” மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ‘வெக்கி’ ஆண்பால் ஒருமையாகவும் இருக்கலாம், பன்மையாகவும் இருக்கலாம். ஒருமை என்றால் அகராதி மட்டும் பழையது. பன்மை என்றால் இரண்டும் பழையவை. விலை உயர்ந்த என்னும் ‘ஸ்கூம்ப்’ ஆக இருந்திருந்தால் ‘ஸ்கூம்ப்’, ‘ஸ்கூம்பே’ என்று வடிவமே சொல்லியிருக்கும். பெண்பாலும் மூன்றாம் வகையும் சேர்ந்தால் பன்மை பெண்பாலாகத்தான் வரும். ‘வெக்கி’ எதையும் காட்டிக்கொடுக்காது. பிழை எதுவும் இல்லை, ஆனாலும் தெளிவில்லை.

துவாம்னா பென்சிலை எடுக்கவில்லை. “நீயே சொல்லு” என்பது போலத் தம்பியைப் பார்த்தார். அவர் அட்டையை வாங்கி, ஓரத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் இரண்டு பெயர்களையும் தனித்தனி வரியில் எழுதினார். அப்புறம் வலப்பக்கம் முதல் வரியில் வெக்கே, இரண்டாம் வரியில் வெக்கி. “ஓ கார்த்தே வெக்கே ஷி ஊன் டிக்ட்ஸியொனார் வெக்கி.” அந்த அட்டையைத் துவாம்னா அப்படியே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்.